எல்லாம் ஒரே மணல்திட்டில்: தனுஷ்கோடி வழியாக கிளவுடைப் புரிந்துகொள்வது

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

கிளவுட், கிளவுட்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுக்குள்ள எதை எப்படி அடுக்கி வச்சிருக்காங்க, கொஞ்சம் விளக்குங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வழக்கமா இதை அமெரிக்காவில் இருந்து ஆரம்பிப்பாங்க. நான் எங்க பக்கத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்: ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கிளவுட் பற்றி நான் படிச்ச பெரிய பாடம், பாம்பன் பக்கம் ஒரு மீன் ஏலக்கூடத்தில் தலைகுனிஞ்சு நின்னு படிச்சது.

சில வருஷத்துக்கு முன்னாடி அங்க மீன் வாங்கி விற்கிற சில வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுற மென்பொருள் ஒண்ணு செஞ்சு கொடுத்தேன். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, யார் ஏலம் எடுத்தது, பாக்கி எவ்வளவு, எல்லாத்தையும் போன்லயே போட்டுடலாம். சர்வர் கிளவுட்ல இருக்கும். "இனிமே நோட்டே வேண்டாம் ஐயா"ன்னு அங்க இருந்த வயசான கணக்குப்பிள்ளைகிட்ட பெருமையா சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "சரி தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிஞ்சு விசைப்படகுகள் கரை திரும்புற முதல் நாள்தான் வருஷத்திலேயே பெரிய ஏலம். அந்த நாள் பார்த்து என் மென்பொருள் நின்னு போச்சு. நான் வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் இருந்த கட்டடத்தில் மின்சாரக் கோளாறு. "பயப்படாதீங்க, பேக்கப் இருக்கு"ன்னு சொல்லிட்டுத் தேடிப் பார்க்கிறேன், பேக்கப்பையும் அதே இடத்தில்தான் வச்சிருக்கேன். தப்பு முழுக்க என்னுடையது. வேற இடத்தில் வைக்கிற வசதி இருந்தது, மாசம் கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கலாம்னு வைக்கல. சாயங்காலம் சர்வர் உயிர் பெற்று வந்தப்ப, அன்னைக்குக் காலையில் போட்ட கணக்கில் பாதிதான் இருந்தது.

கணக்குப்பிள்ளை மஞ்சப்பையில் இருந்து ஒரு நோட்டை எடுத்தார். என் பேச்சைக் கேட்டு அவர் நோட்டை விடவே இல்லை. கார்பன் வச்சு ரெண்டு பிரதி எழுதியிருக்கார். ஒண்ணு ஏலக்கூடத்தில் இருக்கும். இன்னொண்ணு தினமும் சாயங்காலம் தங்கச்சிமடத்தில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போயிடும். "எங்கப்பா தனுஷ்கோடியில போர்ட்டரா இருந்தவரு தம்பி. 64-க்குப் பிறகு எங்க வீட்டுல எதையும் ஒரே இடத்துல வைக்கிறதில்ல"ன்னார்.

கிளவுட் எப்படி அடுக்கப்பட்டிருக்குன்னு புரிஞ்சுக்க, அவர் சொன்னதில் இருந்து பின்னோக்கிப் போகலாம்.

ஒரு டிக்கெட், பல அடுக்கு

1914 வரைக்கும் சென்னையில் இருந்து கொழும்பு போறவங்க ரயிலில் தூத்துக்குடி போய், அங்க கப்பல் ஏறணும். 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்தாங்க. இந்தியாவில் கடல் மேல் கட்டிய முதல் பாலம், சுமார் 2 கிலோமீட்டர் நீளம். அதன் பிறகு வழி மாறிடுச்சு. எழும்பூரில் ரயில் ஏறினா மண்டபம், பாம்பன் தாண்டி தீவின் கோடியில் தனுஷ்கோடி. அங்க துறைமுக மேடையில் இறங்கி நீராவிக் கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடல். எதிர்க்கரையில் தலைமன்னார். அங்க காத்திருக்கிற இலங்கை ரயிலில் ஏறினா கொழும்பு. இதைத்தான் 'போட் மெயில்'னு சொன்னாங்க.

பயணி கையில் இருந்தது ஒரே டிக்கெட். இந்தக் கரையில் ரயில் ஓட்டினது தென்னிந்திய ரயில்வே, அந்தக் கரையில் இலங்கை அரசு ரயில்வே. நடுவில் கப்பல், சுங்கச் சோதனை, மருத்துவச் சோதனை, தந்தி, நிலக்கரி, குடிதண்ணீர். இதில் எதையும் பயணி ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

கிளவுடின் முதல் ஒழுங்கு இதுதான், அடுக்கு. அடியில் தண்டவாளம், பாலம், கப்பல் மாதிரி கட்டடம், மின்சாரம், கணினி, சேமிப்பு வட்டு, கேபிள். இதை அப்படியே வாடகைக்கு எடுத்து, மேல ஓடுற எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்கிட்டா அது உள்கட்டமைப்புச் சேவை. சிக்னல், கால அட்டவணை, பராமரிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு, உங்க வண்டியை மட்டும் ஓட்டுங்கன்னு சொன்னா அது தளச் சேவை. டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தா போதும்னா அது மென்பொருள் சேவை. ஜிமெயில் அந்தக் கடைசி வகை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-ல் கிளவுடுக்கு வரையறை எழுதினப்ப இந்த மூணு அடுக்கைத்தான் சொன்னது.

அமேசான் 2006-ல் இந்த வியாபாரத்தை ஆரம்பிச்சப்ப அடி அடுக்கைத்தான் திறந்தாங்க. மார்ச்சில் கோப்புகளைச் சேமிக்கிற 'எஸ்3', ஆகஸ்டில் கணினியை வாடகைக்குத் தர்ற 'இசி2'. இன்னைக்கு அதே நிறுவனம் நூற்றுக்கணக்கான சேவைகளை விற்குது. பட்டியலைப் பார்த்தா தலை சுத்தும். ஆனா எந்தச் சேவையை எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டா இடம் தெரிஞ்சுடும்: இதில் எதுவரைக்கும் அவங்க பார்த்துக்கிறாங்க, எங்க இருந்து நான் பார்த்துக்கணும்?

என் கதையில் நான் கோட்டை விட்டது அந்தக் கோட்டில்தான். மின்சாரம் அவங்க பொறுப்பு. பேக்கப்பை எங்க வைக்கிறதுங்கிறது என் பொறுப்பு.

கண்மாயும் மடையும்

கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வாங்க. ராமநாதபுரம் மழை குறைஞ்ச சீமை. அங்க விவசாயம் நடந்ததே கண்மாய்களை நம்பித்தான். ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை"ன்னு ஊரில் சொல்வாங்க. நாரையே பறந்து கடக்க முடியாத அளவுக்கு நீளமான கரை, அதில் 48 மடை.

ஒவ்வொரு விவசாயியும் தனக்குன்னு ஒரு குளம் வெட்டிக்கல. தண்ணீரைப் பொதுவில் ஒரே இடத்தில் தேக்கி, மடை வழியாகப் பிரிச்சாங்க. எந்த வயலுக்கு எப்ப, எவ்வளவு நேரம்னு முறை உண்டு. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருப்பார். வயல்காரர் தானே போய்த் திறக்கக் கூடாது. மேல் கண்மாய் நிரம்பினா கலுங்கு வழியா அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். இப்படி ஒண்ணோட ஒண்ணு சங்கிலியாக இருக்கும்.

கிளவுடின் ரெண்டாவது ஒழுங்கு இது. பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளைப் பொதுவில் தேக்கி வைக்கிறாங்க. நீங்க 'ஒரு சர்வர் எடுத்தேன்'னு சொல்றப்ப உங்களுக்குன்னு தனியா ஒரு பெட்டி வர்றதில்லை. ஒரு பெரிய கணினியில் ஒரு பங்கு வருது. அதே பெட்டியில் உங்களுக்கு முன்பின் தெரியாத வேற நாலு பேர் இருக்கலாம். யாருக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் செயலின்னு பிரிச்சுக் கொடுக்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர்னு பேர். அதுதான் அங்க நீர்பாய்ச்சி. அது கண்ணயர்ந்தா பக்கத்து வயல்காரர் உங்க தண்ணீரையும் இழுத்துடுவார்.

ஒரு வித்தியாசம் இருக்கு. கண்மாயில் பங்கு நிலத்தை வச்சு வரும். பதிலுக்கு வருஷா வருஷம் குடிமராமத்துக்கு ஆள் அனுப்பணும், தூர் வாரணும், கரையைப் பலப்படுத்தணும். அதனால் கண்மாய் எப்படி இருக்குன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கிளவுடில் உங்க பங்கு காசு. மண்வெட்டி பிடிக்க வேண்டாம். ஆனா கரை எங்க விரிசல் விட்டிருக்குன்னும் உங்களுக்குத் தெரியாது.

தகர டிக்கெட்

போட் மெயில் பாதையில் எல்லாரும் ஒரே மாதிரி போகல. இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம்ம சனங்களை மண்டபத்திலேயே இறக்கிடுவாங்க. அங்க இலங்கை அரசு நடத்தின முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இன்னொரு அரசின் வாசல். சில நாட்கள் அடைச்சு வச்சு, மருத்துவச் சோதனை செஞ்சு, பிறகுதான் கப்பலுக்கு விடுவாங்க. காசு கொடுத்து உயர் வகுப்பில் போனவங்களுக்கு இந்த அடைப்பு இல்லை.

அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு தகர வில்லை கொடுத்தாங்க. அதுக்குப் பேர் தகர டிக்கெட். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள்னு அதில் எழுத்தும் எண்ணும் அடிச்சிருக்கும். வழியில் அதைக் காட்டினா ரயில், சாப்பாடு எல்லாம் நடக்கும். செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதைத் தொழிலாளியின் கடனாக எழுதிக்கும்.

கிளவுடில் மூணாவது ஒழுங்கு இந்த மாதிரிதான் வேலை செய்யுது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும், அது சர்வரோ வட்டோ முகவரியோ, ஒரு வில்லை உண்டு. அது யாருடைய கணக்கு, எந்தத் திட்டம், எந்தப் பிரிவு, யார் தொடலாம், பில் யாருக்குப் போகணும்னு எல்லாம் அதில் இருக்கும். அமேசானில் இதை 'அக்கவுண்ட்'னு பிரிப்பாங்க. மைக்ரோசாஃப்டில் 'சப்ஸ்கிரிப்ஷன்', அதுக்குள்ள 'ரிசோர்ஸ் குரூப்'. கூகுளில் 'ப்ராஜெக்ட்'. பேர்தான் வேற, வேலை ஒண்ணுதான். புதுசா வர்றவங்க இதைக் காகித வேலைன்னு நினைச்சுத் தள்ளிடுவாங்க. மாசக் கடைசியில் பில் வந்த பிறகுதான், எவனோ சோதனைக்கு ஏத்தி மறந்த சர்வர் மூணு மாசமா ஓடுறது தெரியும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இயந்திரத்துக்கு வில்லை மாட்டுறதும் மனுஷனுக்கு மாட்டுறதும் ஒண்ணு கிடையாது. நாம இன்னைக்கு 'ரிசோர்ஸ்'னு சுலபமா சொல்ற வார்த்தைக்குள்ள, ஒரு காலத்தில் நம்ம ஊர் ஆட்களை வச்சிருந்தாங்க. மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

1964, டிசம்பர் 22 இரவு

இப்ப நாலாவது ஒழுங்கு, இடம். கணக்குப்பிள்ளை சொன்னது இதைத்தான்.

தனுஷ்கோடி ஒரு ஒடுங்கின மணல்திட்டு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. அந்தத் திட்டு மேலதான் ரயில் நிலையம், துறைமுகம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், வீடுகள் எல்லாம். இலங்கைக்கு ரொம்பப் பக்கம் என்பதால் அங்க வச்சாங்க. வசதி பார்த்து எடுத்த முடிவு, ஐம்பது வருஷம் அது சரியாகவும் இருந்தது.

1964 டிசம்பர் 22 இரவு இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியை அடிச்சது. கடல் திட்டு மேல ஏறிடுச்சு. அன்னைக்கு நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பாம்பனில் இருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் அலையில் அடிபட்டுப் போச்சு. அதில் இருந்த நூறு பேருக்கு மேல் யாரும் பிழைக்கல. ரயில், துறைமுகம், தபால், மருத்துவமனை எல்லாம் ஒரே இரவில் போயின. தந்திக் கம்பியும் போனதால், என்ன நடந்ததுன்னு வெளியே சொல்லவே வழியில்லை. மதராஸ் அரசு அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியில்லாத இடம்னு அறிவிச்சது.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. தனுஷ்கோடியில் சேவைகள் தனித்தனி. ரயில்வே வேற, சுங்கம் வேற, தபால் வேற. அலுவலகம் தனி, அதிகாரி தனி, பதிவேடு தனி. காகிதத்தில் பார்த்தா எதுவும் எதையும் நம்பி இல்லை. ஆனா எல்லாத்துக்கும் காலடியில் இருந்தது ஒரே மணல்.

கிளவுடில் 'ரீஜன்', 'அவைலபிலிட்டி ஸோன்' என்ற ரெண்டு வார்த்தை இதுக்காகத்தான் வந்தது. ரீஜன் என்பது ஒரு நகரம் அல்லது அதன் சுற்றுவட்டம். மைக்ரோசாஃப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூணு இடத்தில் ஆரம்பிச்சது. அமேசான் 2016-ல் மும்பை, 2022-ல் ஹைதராபாத். கூகுள் 2017-ல் மும்பை, 2021-ல் டெல்லி. ஒரு ரீஜனுக்குள் ஸோன்கள் இருக்கும். ஒவ்வொரு ஸோனுக்கும் தனிக் கட்டடம், தனி மின்சாரம், தனிக் குளிரூட்டல். அமேசான் கணக்கில் ஒரு ரீஜனில் குறைஞ்சது மூணு ஸோன். ஒண்ணுக்கொண்ணு 100 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், தகவல் உடனே போய் வரணும் இல்லையா. ஆனா ஒரு தீயோ வெள்ளமோ ரெண்டையும் சேர்த்துத் தொடாத தூரமும் இருக்கணும்.

பக்கத்தில் வச்சா வேகம், தள்ளி வச்சா பாதுகாப்பு. தனுஷ்கோடியை அங்க கட்டினவங்க முன்னாடி இருந்த அதே கணக்குதான்.

திரும்பி வந்ததும் வராததும்

அந்தப் புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் விழுந்துடுச்சு. கப்பலுக்கு வழிவிடத் தூக்குற நடுப்பகுதி மட்டும் தாங்கிச்சு. சீர்செய்ய ரயில்வே ஆறு மாசம் கெடு வச்சது. அப்ப இளம் பொறியாளரா இருந்த இ. ஸ்ரீதரன், கடலடியில் கிடந்த கர்டர்களைத் தேடி மீட்டு, 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார். பிறகு டெல்லி மெட்ரோவைக் கட்டினவர் அவர்தான்.

கப்பல் சேவை ராமேஸ்வரத்துக்கு இடம் மாறிச்சு. அங்க இருந்து தலைமன்னாருக்கு இன்னும் இருபது வருஷம் கிட்ட ஓடி, இலங்கை இனப்போர் மூண்ட பிறகு நின்னு போச்சு. அதை நிறுத்தினது கடல் இல்லை, அரசியல். ஸோனை மாத்திப் புயலைத் தாண்டலாம், நாடு மூடிக்கிட்டா ஸோன் மாத்தி என்ன பண்றது? தரவு எந்த நாட்டில் இருக்கணும்னு அரசாங்கங்கள் இன்னைக்குச் சண்டை போடுறது இதுக்காகத்தான்.

தனுஷ்கோடிக்கு இன்னைக்கு வரைக்கும் ரயில் திரும்பல. பாலம் 46 நாளில் வந்தது, ஏன்னா உடைஞ்ச துண்டுகள் கிடைச்சது. ஊர் வரல, ஏன்னா அதுக்கு இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை. கிளவுட் பொறியாளர்கள் ரெண்டு கேள்வி கேட்பாங்க: எத்தனை நேரத்தில் திரும்பணும், எவ்வளவு இழந்தா தாங்க முடியும்? இந்த ரெண்டும் வேற வேற கேள்விங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

படிச்சவங்களும் இதில் தப்பு பண்றாங்க. 2017 பிப்ரவரி 28-ல் அமேசானின் எஸ்3 சேவை அமெரிக்காவில் சில மணி நேரம் நின்னது. ஒரு ஊழியர் கட்டளையைத் தவறாகத் தட்டச்சு செஞ்சதுதான் காரணம். வேடிக்கை என்னன்னா, 'சேவை நின்றிருக்கிறது'ன்னு காட்ட வேண்டிய அறிவிப்புப் பலகையையே கொஞ்ச நேரம் மாத்த முடியல, அதுவும் எஸ்3-ஐ நம்பி இருந்தது. தனுஷ்கோடியின் தந்திக் கம்பிதான். 2021 மார்ச் 10-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீ. ஒரு கட்டடம் முழுசா எரிஞ்சது, ஒட்டி இருந்த இன்னொண்ணும் ஓரளவு பாதிக்கப்பட்டது. பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்ததால் எல்லாத்தையும் இழந்த ஒரு வாடிக்கையாளர் நீதிமன்றத்துக்குப் போய் இழப்பீடு வாங்கினார். காசு வந்தது. தரவு வரல.

நீங்க கேட்க வேண்டிய கேள்வி

அடுக்கு, பங்கு, வில்லை, இடம். எந்த கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தாலும் இந்த நாலுதான் வேற வேற பேரில் இருக்கும். முதல் மூணை அவங்களே அழகாப் படம் போட்டு விளக்கிடுவாங்க. நாலாவதை நீங்கதான் கேட்கணும்: எது எதோட சேர்ந்து விழும்? ரெண்டு சேவைக்கு ரெண்டு பேர் இருக்கலாம், ரெண்டு பில் வரலாம். காலடியில் ஒரே மணலா இல்லையான்னு பாருங்க. பாஸ்வேர்டு மறந்தா மீட்கிற மின்னஞ்சலும் அதே போன்ல இருக்கா? குடும்பப் போட்டோ எல்லாம் ஒரே கணக்குல இருக்கா? இது பெரிய கம்பெனிக்கு மட்டும் உள்ள கேள்வி இல்லை.

அந்த ஏல நாளுக்குப் பிறகு நான் பேக்கப்பை வேற ரீஜனுக்கு மாத்தினேன். மாசாமாசம் ஒரு நாள் அதை எடுத்து, உண்மையிலேயே திறக்குதான்னு பார்க்கிறேன். இழந்த பாதிக் கணக்கை, கணக்குப்பிள்ளை வாசிக்க வாசிக்க நான்தான் உட்கார்ந்து ஏத்தினேன். ராத்திரி பதினொரு மணி ஆச்சு. ஒரு வியாபாரிக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் வரல.

கிளம்பும்போது, "நோட்டை விட்டுடாதீங்க ஐயா"ன்னு சொன்னேன். "நீ சொன்னப்பவே விடலையே தம்பி"ன்னு சொல்லிட்டு, கார்பன் பிரதியை மடிச்சு மஞ்சப்பையில் வச்சுக்கிட்டுத் தங்கச்சிமடம் பஸ்ஸுக்கு நடந்தார்.